அரை மணியில் கொழும்பு

கூனிமுனைக் கடலில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒன்றரை ஆள் ஆழத்தில், லேடி மார்கரெட் என்ற கப்பல் நூற்று முப்பத்தாறு வருஷமாகத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. தான் முழுகிவிட்டது அதற்குத் தெரியாது. ஊரில் யாரும் சொல்லவில்லை.

சொல்லக்கூடாது என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. விருந்துக்கு வந்தவர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்தால் எப்படிப் பேசாமல் சோற்றைப் போடுவோமோ, அப்படித்தான் ஊர் அந்தக் கப்பலிடம் நடந்துகொண்டது.

பாசி எடுக்கப் போகிற பெண்கள், விரல்களில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டு கட்டி, முகத்தில் முக்குளிக்கும் கண்ணாடி மாட்டி, வாயில் மூச்சுவிடும் குழாயைக் கவ்விக்கொண்டு மிதந்து போவார்கள். கப்பல் பக்கம் வந்ததும் உடம்பை இடமும் வலமுமாக லேசாக ஆட்டிக்கொள்வார்கள். ஓடுகிற கப்பலில் இருப்பவர்கள் அப்படித்தான் ஆடுவார்கள். ஆடாமல் இருந்தால் கப்பலுக்குச் சந்தேகம் வந்துவிடும். மேல்தளத்தில் கேப்டன் துரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். யாரைப் பார்த்தாலும், கொழும்பு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்பார். வாயில் மூச்சுக்குழாய் இருப்பதால் பதில் பேச முடியாது. ஆள்காட்டி விரலை நீட்டி, பாதியில் மடக்கிக் காட்ட வேண்டும். அரை மணி என்று அர்த்தம். துரை சங்கிலி போட்ட கடிகாரத்தை எடுத்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடி நடப்பார்.

கப்பலில் பயணிகள் நாற்பத்து மூன்று பேர். மூச்சுக்கு அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை, டிக்கெட் எடுத்திருந்தார்கள். டிக்கெட் இல்லாமல் போகிறவர்களுக்குத்தான் கண்ணாடியும் குழாயும்.

கப்பல் மிக மெதுவாக ஓடியதால் அதன் மேல் பவளம் வளர்ந்திருந்தது. பவளத்தில் பாசி, பாசிக்கு மீன், மீனைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்பார்கள், அந்த இடத்துக்கே கப்பல் பார் என்று பெயர். நாற்பது வீட்டுப் பெண்கள் அதை நம்பி இருந்தார்கள். பாதி நாள் பாசி எடுப்பார்கள், மீதி நாள் சுற்றுலா வந்தவர்களுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, ஆடக் கற்றுக்கொடுத்து, விரலை மடக்கக் கற்றுக்கொடுத்துக் கூட்டிப்போவார்கள்.

பிரகாசி அந்தப் பெண்களில் ஒருத்தி. வயது இருபத்தெட்டு. தண்ணீருக்குள் ஒரே மூச்சில் நூற்றுப்பத்து எண்ணும்வரை இருப்பாள். புருஷன் மிக்கேல் ஆழ்கடலுக்குப் போகிறவன், வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டான். மகள் ஷைனிக்கு நாலரை வயது. அப்புறம் மிக்கேலின் அக்கா ரெஜினா மதினி. மதினிக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் தன்னை ஒருத்தரும் ஓரிடத்துக்கும் கூட்டிப்போகவில்லை என்பதுதான். கட்டிலுக்கு அடியில் இருபத்திரண்டு வருஷமாகக் கட்டி வைத்த பை ஒன்று இருந்தது. பொங்கலுக்கு ஒருமுறை அதைப் பிரித்து, சேலைகளை வெயிலில் உலர்த்தி, மறுபடி கட்டி வைப்பாள். லேடி மார்கரெட்டில் ஏறிக்கொள்ளலாமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டு வந்தாள். இடமில்லை அம்மா, யாராவது இறங்கினால் சொல்கிறேன் என்று துரை மூன்று தடவையும் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். போன மாதம் பிரகாசியும் மிக்கேலும் பிள்ளையோடு வேளாங்கண்ணிக்குப் போனபோது, ஆட்டைப் பார்த்துக்கொள்ள மதினியை விட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து மதினி பிரகாசியிடம் தேவைக்கு மட்டும் பேசினாள்.

தவறு நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்.

ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அங்கன்வாடி டீச்சர் பயிற்சிக்குப் போயிருந்ததால் ஷைனியையும் வள்ளத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. தண்ணீரைக் கண்டால் பயம் என்று சொன்ன ஈரோட்டு அம்மாள் வள்ளத்திலேயே உட்கார்ந்து ஷைனியை மடியில் வைத்துக்கொண்டாள். மற்ற மூன்று பேரையும் பிரகாசி இறக்கினாள். அதில் அப்பாக்காரர் சொன்னதைவிட அதிகமாக ஆடினார். அவரைப் பார்த்துக் கப்பலில் இருந்த தையல்காரர் சின்னமணிக்குத் தலை சுற்றியது, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பிரகாசி அப்பாக்காரரின் இடுப்பைப் பிடித்து அளவாக ஆட வைத்துக்கொண்டிருந்தாள்.

ஷைனிக்குப் பொழுது விடிந்ததிலிருந்து ஒரே கேள்விதான். வீட்டு வாசலைத் தாண்டியதும் கேட்டாள், கரையில் கேட்டாள், வள்ளத்தில் ஏறியதும் கேட்டாள். எந்த இடம் வந்தாச்சா என்று கேட்கிறாள் என்பது அவளுக்கும் தெரியாது. இப்போது அம்மா குப்புற மிதந்துகொண்டிருந்தாள். தலைக்குப் பின்னால் குழாயின் வாய் மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. ஷைனி வள்ளத்திலிருந்து எட்டி, குழாயின் வாயில் தன் வாயை வைத்துக் கேட்டாள்.

"அம்மா, வந்தாச்சா?"

கேள்வி நேராகக் காதுக்குள் வந்து விழுந்தது. பிள்ளை பெற்ற நாளிலிருந்து இந்தக் கேள்விக்குப் பிரகாசியிடம் ஒரே பதில்தான். அது யோசித்துச் சொல்கிற பதில் இல்லை. குழாயை வாயிலிருந்து விட்டுவிட்டு, தண்ணீருக்குள்ளேயே சொன்னாள்.

"வந்தாச்சுடி, வந்தாச்சு."

கை எட்டுகிற தூரத்தில் கேப்டன் துரை நின்றிருந்தார்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அதை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். சரியான நேரம்தான் என்று சொன்னார். பிறகு போய்ச் சங்கை ஊதினார்.

பயணிகள் அவசரப்படவில்லை. மூட்டைகளை எண்ணி எடுத்துக்கொண்டு, வரிசையாக ஏணியில் இறங்கி, மணலில் நடந்து கரையேறினார்கள். சேலை, வேட்டி ஒன்றும் நனைந்திருக்கவில்லை. ஈரோட்டு அப்பாக்காரர் மட்டும், ஆளோடு இருக்கிற கப்பல் என்று சொல்லித்தானே கூட்டி வந்தீர்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். பிரகாசி அவருக்குச் சிங்கி இறாலைக் காட்டிச் சமாளித்துக் கரை சேர்த்தாள்.

ஊர்க் கமிட்டி மீன் ஏலக்கூடத்தில் கூடியது. தலைவர் வியாகுலம் மாமா நாற்காலியில் உட்கார்ந்து, வந்தாச்சு என்று சொன்னது யார் என்று கேட்டார்.

"நான்தான் மாமா. பிள்ளைகிட்ட சொன்னேன்."

"பிள்ளைகிட்டதான் சொன்னேன்னு கப்பல்கிட்ட சொல்ல முடியுமா?"

"முடியாது மாமா."

"அப்ப கொழும்பைக் காட்டு."

அது நியாயம்தான் என்று பிரகாசிக்கும் பட்டது. ஆனால் மாமாவின் கவலை கொழும்போடு முடியவில்லை. ஆள் இருக்கிறவரை கப்பலுக்கு நூறு வேலை. ஒருவருக்கு வெந்நீர் வேண்டும், ஒருவருக்குக் காற்று வேண்டும், ஒருவர் எதிரே இருப்பவர் குறட்டை விடுகிறார் என்பார். ஆள் இறங்கிவிட்டால் கப்பலுக்குத் தன்னைப் பற்றி யோசிப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. யோசித்தால் கண்டுபிடித்துவிடும். மொட்டைத்தோப்பில் இப்படித்தான் ஒரு பாய்மரக் கப்பல் விஷயத்தைத் தெரிந்துகொண்டது. அன்று சாயங்காலம் கடல் உயர்ந்து வெள்ளம் ஏறியதும் வெட்கப்பட்டு, பலகை பலகையாகப் பிரிந்து ஆழத்துக்குப் போய்விட்டது. பாரும் கூடவே போனது. அந்த ஊர்ப் பெண்கள் இப்போது தீப்பெட்டி ஒட்டுகிறார்கள்.

இன்றைக்கு வெள்ளம் ஐந்து மணிக்கு ஏறும். அதற்குள் கப்பலில் ஆள் ஏற வேண்டும். மாமா கையை நீட்டினார். பிரகாசி தன் கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். கப்பல் நிலைத்தால் கண்ணாடி திரும்பி வரும். போனால் கண்ணாடி கமிட்டியிலேயே இருக்கும், அவள் மறுபடி கடலில் இறங்க முடியாது. மாமா அதைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். ரப்பர் பட்டையில் அவள் முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

கண்ணாடி இல்லாமல் முகம் லேசாகி, என்னவோ மாதிரி இருந்தது. பிரகாசி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

ஒரு ஊரைக் கொழும்பாக்குவது, சொல்லாமல் வந்த விருந்தாளிக்கு வீட்டை ஒதுக்குவது மாதிரிதான். கண்ணில் படுகிறதை மட்டும் சரிசெய்தால் போதும். கூனிமுனையில் கொழும்பைப் பார்த்தவர் யாருமில்லை, ரேடியோவில் கேட்டவர்கள்தான் இருந்தார்கள். அதனால் முதலில் டீக்கடை ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொன்னாள். மீன்பெட்டிப் பலகையைத் திருப்பி, கொழும்பு உங்களை அன்புடன் வரவேற்கிறது என்று சுண்ணாம்பில் எழுதி, கரையோரம் பஸ் நிற்கிற இடத்தில் கடலைப் பார்க்க நட்டாள். வலைகளை ஓரமாக ஒதுக்கினாள். பெரிய ஊரில் ஆட்டை அவிழ்த்துவிட மாட்டார்கள் என்று நினைத்து எல்லா ஆட்டையும் கட்டச் சொன்னாள். இரண்டு பேரை எதிரெதிராக வேகமாக நடக்கவிட்டாள். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் மாதிரி போக வேண்டும் என்று சொன்னதும்தான் அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது, இருவரும் சகலைப்பாடிகள்.

தையல்காரர் சின்னமணி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொழும்பில் கடல் மேற்கே அல்லவா இருக்க வேண்டும், இங்கே தெற்கே இருக்கிறதே என்று கேட்டார்.

"கப்பல் சுத்திக்கிட்டுல்ல வந்துச்சு," என்றாள் பிரகாசி.

அதுவும் சரிதான் என்று அவர் தையல் மிஷினை இறக்கினார்.

வெங்காய வியாபாரி மொகைதீன் ராவுத்தர் அவ்வளவு எளிதில் நம்புகிறவர் இல்லை. டீ வாங்கிக் குடித்துவிட்டு, கொழும்பு டீ இப்படியா கழுநீர் மாதிரி இருக்கும் என்றார். நல்ல தேயிலையையெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், இங்கே இருப்பவர்களுக்கு மிஞ்சின தூள்தான் என்று பிரகாசி சொன்னாள். அதைக் கேட்டதும் ராவுத்தருக்கு இது கொழும்புதான் என்று முழு நம்பிக்கை வந்துவிட்டது. ஏலக்கூடத்தின் ஓரத்தில் சாக்கை விரித்து வெங்காயத்தைக் கொட்டினார். ஒவ்வொரு வெங்காயமும் ஒரு முழம் முளைவிட்டிருந்தது. வெங்காயத் தாளுக்கும் நல்ல மவுசு இருந்தது.

காமாட்சி ஆச்சிதான் பெரிய பாடு. மகளின் தலைப்பிரசவத்துக்காகப் பத்தியப் பொடி, வசம்பு, காயத்தூள் எல்லாம் டப்பா டப்பாவாகக் கட்டிக்கொண்டு கிளம்பியவள். மகள் வீடு எங்கே என்று கேட்டாள். பிரகாசி கொஞ்சமும் தயங்காமல் அவளை மூன்றாவது தெருவில் பிரின்சியின் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பிரின்சிக்கு ஒன்பதாவது மாதம், அம்மா குவைத்தில் வேலை பார்க்கிறாள், விசா முடியவில்லை என்று வரவில்லை. ஆச்சி அவளை ஏற இறங்கப் பார்த்து, இப்படி மெலிந்துபோய்விட்டாயே என்றாள். பிரின்சி எண்பது கிலோ இருந்தாள். அவளைப் பார்த்து மெலிந்துவிட்டாய் என்று சொன்ன முதல் ஆள் ஆச்சிதான். பிரின்சி பாயை நகர்த்தி இடம் கொடுத்தாள், அதன் பிறகு ஆச்சியை விடவேயில்லை.

மதியம் மூன்று மணிக்குள் நாற்பத்து மூன்று பேருக்கும் கொழும்பு பிடித்துப்போய்விட்டது. அதுதான் சிக்கல். பிரகாசி ஒவ்வொருவராகப் போய், திரும்பிப் போகிற கப்பல் தயாராக இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். ராவுத்தர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு உடனே யாராவது திரும்புவார்களா என்றார். சின்னமணிக்கு அதற்குள் நாலு ரவிக்கை வந்துவிட்டது. ஆச்சி கஷாயம் வைத்துக்கொண்டிருந்தாள், கதவையே திறக்கவில்லை.

துரை மட்டும் ஊருக்குள் தங்கவில்லை. வியாகுலம் மாமா துறைமுக அதிகாரியாக ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு அவர் திரும்பிப் போய்விட்டார். இப்போது கழுத்தளவு தண்ணீரில் வந்து நின்று, தொப்பியைக் கழற்றிக்கொண்டு கூப்பிட்டார்.

"கப்பல் யோசிக்கிறது அம்மா," என்றார்.

பிரகாசி பார்த்தாள். கப்பல் பாருக்கு மேலே ஒரு பெரிய குமிழி வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு சின்னக் குமிழிகள் வந்தன. ஏதோ கணக்கைப் போட்டு, அழித்து, மறுபடி போடுகிற மாதிரி இருந்தது. ஓரா மீனும் கிளிமீனும் கூட்டமாகப் பவளத்தை விட்டு விலகி, என்ன ஆகிறது என்று தள்ளி நின்றன. பலகை ஒன்று கழன்று அவள் கால் பக்கத்தில் வந்து மோதியது.

எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டாள். ஒரே ஒரு ஆள் போதும் என்றார் துரை. ஒருவர் இருந்தாலும் பயணிகள் கப்பல், பயணிகள் கப்பல்தான். ஆனால் மூட்டையோடு வர வேண்டும். மூட்டை இல்லாமல் வருகிறவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று கப்பலுக்குத் தெரியும்.

பிரகாசி தெருத் தெருவாகப் போனாள். போக யாருக்கும் ஆட்சேபணை இல்லை, நேரம்தான் இல்லை. ஒருத்தி அடுப்பில் உலை வைத்திருந்தாள். ஒருத்தி ஐந்தரை மணிக்குக் குழாய்த் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஒருவர் கிளம்பித் தெரு முனைவரை வந்தவர், கைப்பை தவிர மூட்டை ஒன்றும் இல்லை என்று திரும்பிவிட்டார். நாலு மணி ஆகிவிட்டது. ஊரிலேயே மூட்டை கட்டித் தயாராக இருப்பது ஒரே ஆள்தான் என்பது பிரகாசிக்குக் காலையிலிருந்தே தெரியும். அந்த ஆளிடம் போய் நிற்கத்தான் அவள் கால் வரவில்லை.

ரெஜினா மதினி வீட்டுக்குப் பின்னால் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மதினி, கப்பல்ல எடம் இருக்கு."

"எத்தனை எடம்?"

"நாப்பத்து மூணு."

"அப்ப ஒருத்தரும் போகலைன்னுதான் எங்கிட்ட வந்திருக்க."

பிரகாசிக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "ஆமா மதினி," என்றாள்.

மதினி இன்னும் இரண்டு இணுக்கு உருவினாள். "வேளாங்கண்ணிக்குப் போறப்ப ஆட்டைப் பாத்துக்கன்ன. இப்ப ஆட்டை யாரு பாப்பா?"

"நான் பாத்துக்கிறேன்."

"செவலை இடது பக்கம் உக்காந்தாத்தான் கறக்க விடும்."

"தெரியும்."

"தெரியுமாம். போன தடவை ஒதை வாங்குனது யாரு?"

"நான்தான்."

மதினிக்குக் கொஞ்சம் மனம் இளகியது. "எவ்வளவு நேரப் பயணம்?" என்று கேட்டாள்.

பிரகாசியின் ஆள்காட்டி விரல் தானாக நீண்டு பாதியில் மடங்கியது. "அரை மணி."

மதினி கீரையைச் சுளகில் போட்டுவிட்டு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள்.

"அரை மணிப் பயணத்துக்கு எவளாவது இருபத்திரண்டு வருசம் பை கட்டி வைப்பாளா? சந்தைக்குப் போகவே முக்கால் மணி ஆகுது. நீ வேற ஆளைப் பாரு."

தெருவின் கடைசியிலிருந்து துரை ஊதிய சங்கு கேட்டது. இரண்டாவது பலகையும் ஒதுங்கிவிட்டது என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். பிரகாசி மதினி எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள். மடங்கிய விரலை இன்னொரு கையால் பிடித்து நேராக நிமிர்த்திக் காட்டினாள்.

"ஒரு மணி மதினி. முழுசா."

"நாளைக்குக் கேட்டா?"

"நாளைக்கும் ஒரு மணி."

"அடுத்த வருசம்?"

"அப்பவும் ஒரு மணிதான். கொறையாது."

மதினி எழுந்து கையைக் கழுவினாள். "அரைன்னு எவளாவது வெரலை மடக்கிக் காட்டுனா அந்த எடத்துலயே எறங்கிருவேன். பாசிக்காரிக அத்தனை பேருகிட்டயும் சொல்லி வையி." கட்டிலுக்கு அடியில் குனிந்து பையை இழுத்தாள்.

கடற்கரையில் ஷைனியும் வந்து நின்றாள். மதினி பையைத் தலையில் வைத்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவில் நின்று திரும்பினாள். தினமும் அவள் பக்கத்தில்தான் ஷைனி தூங்குவாள்.

"நான் இல்லாம பிள்ளை தூங்குமா?"

"தூங்காது மதினி."

"நல்லது," என்றாள் மதினி. சந்தோஷமாக இன்னும் நாலு அடி போனாள். கழுத்தளவு வந்ததும் நின்று கையை நீட்டினாள். துரை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, மடித்து இடுப்பில் செருகிய பிறகுதான் தலையை உள்ளே கொண்டுபோனாள். குடையின் கைப்பிடி கடைசியாக மறைந்தது.

ஐந்து மணிக்கு வெள்ளம் ஏறியது. ஊரே கரையில் நின்றது, கொழும்புக்கு வந்தவர்களும் நின்றார்கள். குமிழி ஒன்று வந்தது. அடுத்த குமிழி வரவில்லை. ஜன்னலோர இடம் வேண்டும், இந்தத் தலையணையில் வாடை அடிக்கிறது, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று தண்ணீருக்குள்ளிருந்து மதினியின் குரல் கேட்டது. கப்பலுக்கு மறுபடி வேலை வந்துவிட்டது. அது யோசிப்பதை விட்டுவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, தூத்துக்குடிக்குக் கிளம்பியது. நின்ற இடத்திலேயே, முன்பைவிடக் கொஞ்சம் வேகமாக. மீன்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் பவளத்துக்குத் திரும்பின.

வியாகுலம் மாமா கண்ணாடியை வேட்டியில் துடைத்துப் பிரகாசியிடம் கொடுத்தார். மறுநாள் காலை அவள் முதல் ஆளாகக் கடலில் இறங்கினாள். கப்பலில் மதினி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து குடையை மடியில் வைத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை, புருவத்தைத்தான் தூக்கினாள். பிரகாசி அளவாக ஆடிக்கொண்டே ஒரு விரலை முழுசாக நீட்டிக் காட்டினாள். மதினி திருப்தியாகச் சாய்ந்துகொண்டாள். வேளாங்கண்ணி விஷயம் அதோடு தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை மிக்கேலின் படகு திரும்பியது. புதிதாக நட்ட பலகையை அவன் தூரத்திலிருந்தே படித்துவிட்டு, எல்லை தாண்டி வந்துவிட்டோம் என்று படகைத் திருப்பினான். பிரகாசி கரையில் நின்று, அவன் பெயரையும், அவன் கடைசியாகத் திட்டு வாங்கியது எதற்காக என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் சொந்த ஊர் என்று தெரிந்து வந்து சேர்ந்தான். பலகையை யாரும் பிடுங்கவில்லை. ராவுத்தர் கடைக்கு ஓலைக்கூரை போட்டார். பிரின்சிக்கு ஆண் குழந்தை பிறந்தது, ஆச்சி அதற்கு வசம்பு கட்டினாள்.

பிரகாசி ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருந்தாள். வந்தாச்சு என்ற வார்த்தையை அவள் அதற்கப்புறம் வாயில் எடுக்கவில்லை.

ஜூன் மாதம் ஷைனியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. ஷூ வாங்க ஒரு திங்கட்கிழமை இருவரும் ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறினார்கள். ஐந்து வயது ஆகாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம் என்று கண்டக்டர் சொன்னார். இருக்கட்டும், கொடுங்கள் என்று பிரகாசி அவளுக்கும் ஒன்று வாங்கிக்கொண்டாள். டிரைவருக்குப் பின் சீட்டில் இடம் கிடைத்தது. பஸ் நகர்ந்ததும் ஷைனி கேட்டாள்.

"அம்மா, வந்தாச்சா?"

"இன்னும் அரை மணி," என்றாள் பிரகாசி.

டிரைவர் அதைக் கேட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

இன்றைக்கு வியாழக்கிழமை. பஸ் இன்னும் ராமநாதபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. முன் சீட்டுக்காரர் தன் பெண்ணுக்கு வரன் பார்க்கப் போகிறவர். பின்னால் இருந்தவரின் பையனைப் பார்த்துப் பேசி ஏறக்குறைய முடித்துவிட்டார். கண்டக்டர் காலையில் எல்லோருக்கும் வெந்நீர் கொடுத்தார். ஷைனியின் கால் ஒரு அளவு பெரிதாகியிருந்தது. கடையில் போய்ப் பெரிய அளவாகவே கேட்க வேண்டும் என்று பிரகாசி மனதில் குறித்துக்கொண்டாள்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே கிளிமீன்கள் கூட்டமாகப் போயின. அவற்றுக்குப் பின்னால் முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் குழாய் வைத்த ஒருத்தி, இடமும் வலமுமாக மரியாதையாக ஆடிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். விரல்களில் துணி சுற்றியிருந்தாள். டிரைவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி அவளிடம் ஏதோ கேட்டார். அவள் ஆள்காட்டி விரலை நீட்டி, பாதியில் மடக்கிக் காட்டினாள்.

ஷைனி அவளுக்குக் கையை ஆட்டினாள். பிரகாசி சுருக்குப்பையைத் திறந்து, இரண்டு டிக்கெட்டும் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டாள்.